இன்னொராள் அண்ணன் பின்னிய அலைப் போர்வை

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஜீப் ஏற்றிய டிரைவர்களிலேயே, ஏன், இந்தப் பூமியில் ஸ்டீயரிங் பிடித்த அத்தனை பேரிலுமே, ‘இடமில்லை’ என்று வாயைத் திறந்து சொல்லாத ஒரே மனிதர் எங்கள் இன்னொராள் அண்ணன்தான். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை நான் கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை.

மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். தினமும் காலையில் அவர் ஜீப்பில்தான் போவேன். காய் பறிக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியும் சாக்குமாக ஏறுவார்கள். ஒருத்தி மடியில் இன்னொருத்தி உட்கார்ந்து, ஒருத்தி தும்மினால் மொத்த ஜீப்பும் குலுங்கும் அளவுக்கு நெருக்கியடித்த பிறகு அண்ணன் திரும்பிப் பார்ப்பார்.

“பைய ஒதுங்குங்கத்தா. இன்னொராளு ஒக்காரலாம்.”

உட்கார்ந்தும் விடுவார்கள், அதுதான் அதிசயம். ஒருநாள் முந்தல் பக்கம் ஒரு பெரியவர் கைகாட்டினார். அவரோடு ஒரு கிரைண்டர் கல்லும் நின்றுகொண்டிருந்தது. பெரியவருக்கு டாப்பில் இடம் கிடைத்தது. கல்லுக்கு என் மடியில் இடம் கிடைத்தது. அன்று முழுக்க நான் எழுந்திருக்காமலேயே பாடம் நடத்தினேன்.

“முடியாதுன்னு சொல்லிப் பழகுங்கண்ணே” என்று சண்டைக்குப் போனால், அவர் கோபப்படவே மாட்டார்.

“போற வண்டி எம்புட்டு வேகமாப் போகுதுன்னு ரோட்டுல நிக்கிறவனுக்குத்தான் தெரியும் டீச்சரம்மா.”

நான் ஒதுங்கி உட்கார்ந்து அடுத்த ஆளுக்கு இடம் விடுவேன்.

அந்தச் சமயத்தில் டாக்டர் அவரை பீடியை விடச் சொல்லியிருந்தார். எங்களைக் காலையில் மேலே இறக்கிவிட்டால் சாயங்காலம்தான் திரும்ப வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள். அண்ணனுக்குச் சீட்டு பிடிக்காது, பீடியும் போய்விட்டது. சோலியில்லாத கை அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஹாரனைத் துடைப்பார், துடைத்த ஹாரனை அடித்துப் பார்ப்பார், மறுபடி துடைப்பார்.

நான் ஜீப்பில் போகும்போது குரோஷா பின்னுவது வழக்கம். ஒரு நாள் அவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார்.

“இங்கிட்டுக் கொண்டாங்க டீச்சரம்மா அந்த ஊசிய. கொக்கியில நூல மாட்டி இழுக்கிறது ஒரு பெரிய வித்தையா? நான் டாப்புல லோடு கட்டாத கயிறா?”

அன்று பிடித்தது சனி. எனக்குத்தான்.

செல்வி விஷயமும் அதே வாரத்தில்தான் வந்தது. செல்வி எங்களோடு காய் பறிக்க வரும் பெண். கட்டிக்கொடுத்தது போடிப் பக்கம், தாய் வீடு மலைமேல் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தாள். பெண்களுக்கு விஷயம் புரிந்து ஜீப் ஒரே கலகலப்பானது.

“பெத்துட்டு அம்மா வீட்டுக்குத்தான் போகணும். அங்க அடிக்கிற குளுருக்குப் புள்ள என்ன பாடுபடப் போகுதோ” என்றாள் செல்வி, முகத்தைக் கழுவிக்கொண்டே.

அண்ணன் இஞ்சினை அணைத்தார். முக்கியமான அறிவிப்பு என்றால் அப்படித்தான்.

“ஒம் புள்ளைக்கு மொதப் போர்வ நாந்தான் பின்னிப் போடுவேன். இது இந்த ஜீப்பு மேல சத்தியம்.”

சேதி பரவி ஜீப் ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. அவர் அசரவில்லை. சாதாரணக் கட்டம் போட்ட போர்வை ஆகாதாம். செல்போனில் அலை அலையாக ஏறி இறங்கும் ஒரு போர்வையைப் பார்த்து, “இது நம்ம மல மாதிரியே இருக்கு, இதான்” என்று முடிவு செய்துவிட்டார். கற்றுக்கொள்கிறவர்கள் கடைசியில் தொட வேண்டிய பின்னல் அது. மேட்டில் ஒரே கண்ணியில் மூன்று முறை பின்ன வேண்டும், பள்ளத்தில் இரண்டு கண்ணிகளை விட்டுத் தாண்ட வேண்டும். கூட்டியதும் குறைத்ததும் சரியாக இருந்தால்தான் ஓரம் நேராக வரும்.

முதல் கோளாறு, எல்லா வரிசையையும் தாங்கும் அடிச் சங்கிலிப் பின்னலிலேயே வந்தது. அவர் கட்டிய சங்கிலி லோடு கயிறு மாதிரி விறைத்து நின்றது. அதன்மேல் ஏறிய வரிசைகள் தளர்ச்சியாக இருந்ததால் அடிப்பக்கம் சுருக்குப்பை போல இழுத்துக்கொண்டது.

“கைய லேசா விடுங்கண்ணே. முடியலைன்னா சங்கிலிக்கு மட்டும் பெரிய ஊசி போடுங்க.”

“லேசா கட்டுனா மூட்ட சரிஞ்சிராது?”

“இதுல மூட்டையே இல்லைண்ணே.”

பிரித்துவிட்டுப் பெரிய ஊசியில் புதிதாகத் தொடங்கினார். சங்கிலி சரியாக வந்தது. ஆனால் மேடு எது பள்ளம் எது என்று நடுவில் தொலைத்துவிடுவார். அதற்கு ஜீப்பே உதவிக்கு வந்தது. ஆளுக்கொரு சேப்டி பின்னை வளையலிலிருந்தும் தாலிக்கயிற்றிலிருந்தும் கழற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு பின் குத்தினார். கொடுத்தவர் பெயரே அந்த இடத்துக்குப் பெயரானது. “பாப்பாத்தி மேடு தாண்டிட்டேன் டீச்சரம்மா, அடுத்து மாரியம்மா பள்ளம்” என்று காலையில் எனக்குச் செய்தி வாசிப்பார். பாப்பாத்தி அக்காவோ ஒரு பின் குறைந்ததால் முந்தானையைப் பல்லில் கடித்தபடி வருவாள்.

பச்சை நூல் பாதியிலேயே தீரும் நிலைக்கு வந்தது. போடிக் கடையில் அதே பச்சையைக் கேட்டு வாங்கி வந்து பார்த்தால் ஒரு சாயல் வெளுப்பு. அண்ணன் கடைக்காரரைத் திட்டத் தொடங்கினார். காய் தரம் பிரித்துப் பழகிய மாரியம்மா அக்கா இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

“காய்ல வெளுப்பும் பச்சையும் கலந்து கெடந்தா ஒண்ணும் தெரியாதுல்லண்ணே. ஒரு வரிச பழசு, ஒரு வரிச புதுசுன்னு போடுங்க.”

அப்படியே செய்தார். வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை. எனக்குத் தோன்றாத யோசனை. தோன்றியதாகவே காட்டிக்கொண்டேன்.

இத்தனைக்குப் பிறகும் போர்வை மேலே போகப் போக அகன்றுகொண்டே போனது. ஒரு சாயங்காலம் அதைப் பிடுங்கி வரிசை வரிசையாகப் பார்த்தேன். முதல் குற்றம் திருப்பத்தில் இருந்தது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு கண்ணியைச் சேர்த்திருந்தார்.

“இது எதுக்குண்ணே?”

“கொண்டை ஊசி வளைவுல ஒடிச்சுத் திருப்புனா வண்டி கவுந்துரும் டீச்சரம்மா. அகலமா எடுத்துத்தான் திருப்பணும்.”

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். இரண்டாவது குற்றம் அதைவிடப் பெரியது. பள்ளங்களில் இரண்டு கண்ணி விடுவதற்குப் பதிலாக ஒன்றைத்தான் விட்டிருந்தார். எல்லாப் பள்ளத்திலும்.

“செல்போன்ல ரெண்டு விடச் சொல்லலையா?”

“சொன்னாங்க” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. “ரெண்டு பேரயும் விட்டுட்டுப் போறதுக்கு மனசு வரல. ஒராளயாச்சும் ஏத்திக்குவமேன்னு…”

கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் எனக்கு விக்கல் எடுக்கும். விக்கலோடுதான் அவருக்கு விளக்கினேன். “நீங்க யாரையும் ரோட்டுல விடலைண்ணே. மேட்டுல ஏறுனவங்க பள்ளத்துல எறங்குறாங்க. அவங்க வீடு அங்கதான் இருக்கு. எறக்கி விடலைன்னாதான் தப்பு.”

அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷம் ஜீப் ஓட்டியும் இது தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அன்றிலிருந்து பள்ளம் வந்தால் இரண்டு கண்ணியையும் ஒழுங்காக விட்டார். விடும்போது வாய் முணுமுணுக்கும்: “எறங்கிக்கங்க தாயி, பாத்துப் போங்க.” திருப்பத்தில் சேர்த்த கூடுதல் கண்ணியையும் நிறுத்தியதால் அங்கிருந்து ஓரமும் நேராகிவிட்டது.

ஆனால் அகன்றது அகன்றதுதான். பிரித்துப் போடலாம் என்றேன். “ஏத்துன ஆள நடுக்காட்டுல எறக்கச் சொல்றீங்களா? மதி, மதி” என்று மலையாளத்தில் என் வாயை அடைத்துவிட்டார். கேரள எல்லைக்குள் இருக்கும் மலையிலேயே சுற்றிச் சுற்றி அந்த ‘போதும்’ மட்டும் அவர் நாக்கில் ஒட்டியிருந்தது. நேரமும் இல்லை. செல்வி வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

போர்வை முடிந்த அன்று பானெட்டின் மேல் விரித்துக் காட்டினார். கீழே குறுகி, மேலே விரிந்து, பாவாடை மாதிரி கிடந்தது.

“என்னண்ணே, ஜீப்புக்குத் தார்ப்பாயா?” என்றான் சீட்டாடும் டிரைவர்களில் ஒருவன்.

மற்ற நாளாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று போர்வையைச் சுருட்டி டிரைவர் சீட்டுக்கு அடியில் தள்ளினார். மறுநாள் போடி பஜாரில் அவர் ரோஸ் நிறத்தில் ஒரு ரெடிமேட் போர்வை வாங்கியதாகப் பாப்பாத்தி அக்கா சொன்னாள். நேரே போய்க் கேட்டேன்.

“கோணலாப் பின்னுனத அந்தப் புள்ள கையில எப்படிக் குடுக்குறது டீச்சரம்மா? மொதப் புள்ள. நல்லதாத்தான் போடணும்” என்றார்.

செல்விக்கு ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து தாய் வீட்டுக்கு அண்ணன் ஜீப்பில்தான் வந்தாள். துணைக்கு நானும் உட்கார்ந்திருந்தேன். கீழே வெயில், பாதி மலையில் மூடுபனி, மேலே போகப் போக ஜிலுஜிலுவென்று காற்று. ரோஸ் போர்வை பார்க்க அழகுதான். ஆனால் வழவழவென்று நழுவியது, காலை மூடினால் தலை தெரிந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது.

“அண்ணே, நீங்க பின்னுனது எங்க?” என்றாள் செல்வி.

“அது… ஓரம் கோணிப்போச்சு தாயி.”

“நான் புள்ளைக்குப் போத்தப் போறேனா, ஓரத்த அளக்கப் போறேனா? வெரசாக் கொண்டாங்க.”

ஜீப் நின்றது. அவர் சீட்டுக்கு அடியிலிருந்து அந்தச் சுருட்டலை எடுத்துத் தூசி தட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். செல்வி குறுகிய பக்கத்தைப் பிள்ளையைச் சுற்றி இறுக்கினாள். விரிந்த பக்கத்தைத் தன் தோளோடு போர்த்தி, பிள்ளையை உள்ளே அணைத்துக்கொண்டாள். தாய்க்கும் பிள்ளைக்குமாக அளவெடுத்துப் பின்னியது போலவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கிவிட்டது.

அண்ணன் கீழே இறங்கி, சூடே ஆகாத ரேடியேட்டரைத் திறந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறி உட்கார்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

“நெசத்தச் சொல்லுங்க டீச்சரம்மா. ஓரம் ரொம்பக் கோணலாவா இருக்கு?”

பிள்ளைகள் கோணலாகக் கோடு போட்டால் அழித்துவிட்டு மறுபடி போடு என்று அதட்டும் டீச்சர் நான். பனியில் அந்தப் போர்வையை நன்றாகப் பார்த்தேன், அவரையும் பார்த்தேன்.

“ரொம்ப நேரா இருக்குண்ணே” என்றேன், மனதார.