வெனிஸ் படகுக்காரன் பாடிய பாட்டு

வாய்மையின் தாயகத்தைத் தேடிப் புறப்படும் அறிஞர்கள் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்க வேண்டியதில்லை. "கேக் வறண்டு போச்சு, நீயும் ஒரு சுத்து பெருத்துட்டே" என்பதுதான் அங்கே பிறந்தநாள் வாழ்த்து. பொய் என்ற சரக்கே அந்த மண்ணில் விளையாது.

அப்பேர்ப்பட்ட ஊரில், ஹிஸ்கேயின் அண்ணன் மனைவி ட்ரின்சே முப்பது வருஷமாக ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வட்டமாகப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே வெனிஸ் புராணம் வாசித்துவந்தாள். தேனிலவு, படகு, படகுக்காரன் அவளுக்கென்றே பாடிய பாட்டு! கேட்டுக் கேட்டு ஏங்கிப்போன ஹிஸ்கே, இந்த மே மாதம், வெளியூர்ச் சாப்பாட்டை நம்பாமல் கட்டிய உருளைக்கிழங்கு மூட்டையும் கணவன் டௌவேயுமாகக் கிளம்பியேவிட்டாள்.

வாய்க்கால் பராமரிப்பு அலுவலகத்தில் 'முதுநிலைக் கண்காணிப்பாளர்' டௌவே. வெனிஸைக் கண்டதும் மெய்சிலிர்த்துப்போனார்.

"கரைச் சுவரைப் பாரு! இருபது வருஷமா எவனும் தொடல!"

"நிலாவைப் பாருங்க."

"அது நம்ம இலாகா இல்ல."

படகுகள் மாட்டுச்சந்தை மாதிரி முட்டிக்கொண்டு நின்றன. ஏறி உட்கார்ந்தால், படகுக்காரன் கைபேசியில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒரு பாட்டு..." என்று ஜாடை காட்டினாள் ஹிஸ்கே. இரு என்று கையைக் காட்டிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தான். தண்ணீர் அவள் வீட்டு வாசல் வாய்க்கால் நிறம்தான். நாற்றம் மட்டும் கூடுதல். இதற்கா முப்பது வருஷம்? அவளுக்கு அழுகை வந்தது. ஊருக்குப் போனதும் அத்தனை பேர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைப்பதென்று சபதம் எடுத்தாள்.

ஜூனில் ட்ரின்சேயின் பிறந்தநாள். அதே வட்டம், அதே காபி.

"வெனிஸ் எப்படி?" பன்னிரண்டு கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

உண்மையைச் சொன்னால் ஏமாந்தவள் யார்? ஹிஸ்கேக்குத் திக்கென்றது.

"சுவரெல்லாம்..." என்று வாயைத் திறந்தார் டௌவே. அந்த வாய்க்குள் ஒரு பாலாடைக்கட்டித் துண்டைத் திணித்தாள்.

"சொர்க்கம்! படகுக்காரன் பாடினான் பாருங்க..."

ட்ரின்சே கோப்பையைக் கீழே வைத்தாள். "பாடினானா? என்ன பாட்டு?"

"உங்களுக்குப் பாடினானே, அதே பாட்டுதான் அண்ணி."

ட்ரின்சே கேக்கில் பெரிய துண்டாக வெட்டி ஹிஸ்கேயின் தட்டில் வைத்தாள்.

"நிஜமாவா அத்தை?" ட்ரின்சேயின் மகள் யில்டா துள்ளினாள். ஆகஸ்டில் அவளுக்குக் கல்யாணம். "அப்ப நாங்களும் அங்கேயே போகட்டுமாம்மா?"

பொய் பேசத் தெரியாத அந்த ஊரில், பெற்ற தாயும் அத்தையும் கண்ணிமைக்காமல் ஒரே குரலில் சொன்னார்கள்:

"கட்டாயம் போ!"