அப்பாவின் டிசம்பர் தாடி

கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்த கையோடு கண்ணாடிக்காரர் சவரக் கத்தியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் வரைக்கும் இந்த முகத்துல கத்தி படாது!”

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவர், வீட்டில் மனைவி பார்க்கிற பார்வைக்குப் பயந்தவர்.

“எதுக்குங்க இந்தத் திடீர் வைராக்கியம்?” என்றாள் மனைவி.

“எங்கப்பா வழக்கம்மா.”

அது உண்மைதான். அப்பா பஸ் டிரைவர். பாலன் பிறக்கும்வரை காத்திருப்பதன் அடையாளமாக டிசம்பர் முழுக்கத் தாடி வளர்ப்பார். வேலை முடிந்து வந்து பிள்ளைகளைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் உரசுவார். குத்தும். டீசல் வாசனை அடிக்கும். பிள்ளைகள் வீலென்று கத்திவிட்டு, இன்னொரு தடவை கேட்பார்கள். பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் அம்மா அவரைப் பின்வாசல் படியில் உட்காரவைத்துத் தானே மழித்துவிடுவாள். சோப்பு நுரைக்குள்ளிருந்து அப்பாவின் முகம் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பி வரும். அதைப் பார்த்தால்தான் பிள்ளைகளுக்குப் பண்டிகை வந்தமாதிரி இருக்கும்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் அந்த நுரையை நினைத்துக்கொள்வார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு சும்மா இருந்தால்தானே?

“இன்னொண்ணு. தாடி வளர்க்கிற மாசம் அப்பா வீட்டு வேலை எதையும் தொடமாட்டார். ஒட்டடை அடிக்கிறது, வெள்ளை அடிக்கிறது, திரைச்சீலை துவைக்கிறது, எதுவும் கிடையாது. அதுவும் வழக்கந்தான்.”

இது அந்த நிமிடம் அவர் கட்டிவிட்ட கதை.

“ஓஹோ! உட்கார்ந்த இடத்துலேர்ந்து ‘காபி தாடி, பேப்பர் தாடி’ன்னு கேட்கத்தான் இந்தத் தாடியா?”

“பெரியவங்க வழக்கத்தைக் கேலி பண்ணாதே.”

“சேச்சே! எதுக்கும் அத்தைகிட்ட முறையைச் சரியாக் கேட்டுக்கறேன்.”

அவருடைய அம்மா மூத்த மகன் வீட்டில் இருந்தாள். மனைவி போனோடு சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் பேச்சு. நடுநடுவே சிரிப்பு. பிறகு வெளியே வந்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

“டேய், பாதியைத்தான் ஞாபகம் வச்சிருக்கே” என்றது அம்மாவின் குரல். “டிசம்பர் பூரா வீட்டு வேலை அத்தனையும் உங்கப்பாதான். என்னை ஒரு துரும்பை எடுக்க விடமாட்டார். அப்புறம் சவரம் பண்ண நேரமேது? அப்படி வளர்ந்த தாடிடா அது!”

அப்பாவின் பெருமையை மறுத்து என்ன பேசுவது? கண்ணாடிக்காரர் ஒட்டடைக் கம்பைத் தேடிப் போனார்.

ஏணியில் ஏறினார். ஒட்டடை தாடியில் சிக்கியது. வெள்ளையடித்ததில் ஒரே நாளில் பாதித் தாடி நரைத்தது. கடைக்கு வந்தவர்கள், “என்ன சார் தாடி, மனசு சரியில்லையா?” என்றார்கள். “மனசு நல்லாத்தான் இருக்கு. இடுப்புதான் சரியில்லை” என்றார்.

ஆனாலும் திரைச்சீலையைப் பிழியும்போது ஒரு நினைப்பு வந்தது. அப்பாவும் இப்படித்தானே அம்மாவுக்காகப் பிழிந்திருப்பார்? கண் கலங்கியது. சோப்புத் தண்ணீர் பட்டுவிட்டதாக மகளிடம் சொன்னார்.

பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் மனைவியே அவரைப் பின்வாசல் படியில் உட்காரவைத்து நுரை தடவினாள்.

“பாத்து. கன்னத்தைக் கீறிடாதே.”

“பேசாம இருங்க. பேசினாத்தான் ஆபத்து. இன்னுமா தெரியலை?”

மழித்து முடித்ததும் மகள் அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “அப்பா வந்தாச்சு!” என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். இடுப்பு வலி பறந்தேபோயிற்று.

மறுநாள் அம்மா வந்தாள். கண்ணாடிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நெகிழ்ந்துபோனார்.

“அப்பா உனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கார்! எனக்கு இப்பத்தாம்மா புரியுது.”

“உங்கப்பாவா? குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்கமாட்டாரே! நீ அன்னிக்குச் சொன்னது அட்சரம் பிசகாத நிஜம்டா.”

“அப்போ போன்ல நீ சொன்னது?”

அம்மா மருமகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “எனக்காக அப்படிப் பொய் சொல்ல எனக்கு ஒரு மாமியார் வாய்க்கலையேடா!”