ஏழு ஜின்களும் ஒரு லேமினேட்டரும்

கல்முனையில் பஸ் நின்றால் மனிதர்களுக்கு முன்னால் பெரிய பெரிய உறைகள் இறங்கின. உறைக்குள் பிலிம். பிலிமுக்குள் மூளை. மூளைக்குள் ஜின். நடத்துனர்கள் "பிலிம் ஹோல், பிலிம் ஹோல்" என்று கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போனார்கள். மூளையைப் படம் பிடிக்காதவர்கள் முழங்கால் எக்ஸ்ரேயோடு வந்தார்கள். நோயே இல்லாத ஒருவர், காட்டுவதற்கு ஒரு பிலிம் இல்லையே என்ற கவலையில் மட்டக்களப்புக்குப் போய் ஒன்று எடுத்து வந்தார்.

பிலிம் ஹோல் என்று பெயர் மாறிப்போன கலியாண மண்டபத்தின் மேடையில், மாப்பிள்ளைக் கதிரையில், பிலிம் பரிசாரி முஸம்மில் வீற்றிருந்தார். இதற்கு முன் அவர் என்ன தொழில் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இரண்டாவது பந்தியிலேயே முடிந்திருக்கும்.

வைத்தியம் எளிது. பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டுவார். "எந்த ஊர்?" என்பார். முஸ்லிம்களின் மருதமுனை என்றால் மூளையில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஜின். இந்துக்களின் பாண்டிருப்பு என்றால் பேய். சொறிக்கல்முனை என்றால், கழுத்தில் சிலுவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாத்தான். பிறகு ஒரு வெள்ளிக் குச்சியைச் சாம்பிராணிச் சட்டித் தணலில் வைத்து, கண்ணை மூடி முணுமுணுத்து, அதன் நுனியால் வெள்ளைப் புள்ளியைத் தொடுவார். புள்ளி கறுத்துவிடும்.

"போயிட்டான்."

மண்டபம் பெருமூச்சு விடும்.

பள்ளி மௌலவி ஜும்ஆப் பிரசங்கத்தில், "இது மார்க்கமும் இல்லை, மருந்தும் இல்லை" என்றார். தொழுகை முடிந்ததும் கேட்டவர்களில் பாதிப்பேர் வரிசையில் இடம்பிடிக்க ஓடினார்கள்.

கமீலாவை அவளுடைய உம்மா ஸுல்பிகாதான் இழுத்துப் போனாள். கமீலாவுக்கு வயது இருபத்தொன்பது. நிந்தவூரில் சொந்தமாக ஒரு கொமினிகேஷன் கடை நடத்துகிறாள்; போட்டோக் கொப்பி, லேமினேட், விண்ணப்பம் நிரப்புதல். போன நவம்பரில் ஒரு காலையில் எழுந்தபோது அவளுடைய இடது கண்ணில் உலகம் பாற்கஞ்சிக்குள் விழுந்து கிடந்தது. மூன்று கிழமை அப்படியே. கண் திரும்பியதும் வலது கால் மரத்தது.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த டொக்டர் சொன்னார்: "கரண்ட் வயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்குதானே. நரம்புக்கும் அப்படி ஒண்டு இருக்கு, மயலின் எண்டு பேர். உங்கட உடம்பே அதக் கடிக்குது. கடிச்ச இடம்தான் படத்தில வெள்ளையாத் தெரியுது. ஏழு இடம். கிழமைக்கு ஒரு ஊசி. விடாமப் போட்டா அடுத்த தாக்கம் வாறது குறையும். விட்டா, அடுத்த முறை கண் திரும்பும் எண்டு நான் பொறுப்பெடுக்க ஏலா."

ஸுல்பிகா இதில் ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டாள். "கடிக்குது எண்டு டொக்டரே சொல்றார். ஆரு கடிக்கிற எண்டுதான் அவருக்குத் தெரியல்ல. பாவம், படிச்ச மனுசன்."

முதல் சனிக்கிழமை பரிசாரி ஐந்து புள்ளிகளைத் தொட்டார். மற்ற இரண்டு ஜின்களும் அடுத்த சனிக்கிழமை போகச் சம்மதித்திருந்தன. எல்லா ஜின்களும் ஒரே நாளில் போய்விட்டால் மண்டப வாடகையை யார் கட்டுவது? இடையில் அவருடைய கை ஒருமுறை நழுவி, மூலையில் வெள்ளையாக அச்சடித்திருந்த கமீலாவின் பெயரைத் தொட்டது. பெயரின் முதல் எழுத்தும் காணாமல் போனது. அந்த எழுத்துக்குள் இருந்த ஜின்னைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

"இனி ஊசி வேணாம்," என்றார் பரிசாரி. "ஊசி ஓட்டையாலதான் அவன் திரும்பி வாற."

வீட்டுக்கு வந்ததும் ஸுல்பிகா குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டிலிருந்த ஊசிகளை எடுத்து ஒளித்துவிட்டாள்.

"உம்மா, அடுத்தது வாற சனிக்கிழமை ராவைக்குப் போடோணும். எங்க வெச்சீங்க?"

"சனிக்கிழமை மிச்ச ரெண்டும் போயிரும் புள்ள. பொறகு ஊசி எதுக்கு?"

"கண் போனா?"

"வாயக் கழுவு. அஞ்சு போனத நீதானே கண்ணால கண்ட?"

கண்டாள்தான். அதுதான் தொல்லை. கறுத்த புள்ளிகளை இரவெல்லாம் நினைத்தாள். பொய்யென்று தெரிந்தது. எப்படிப் பொய்யென்று தெரியவில்லை.

வியாழக்கிழமை கடைக்குப் பெரியநீலாவணை மீனவர் பூபாலசிங்கம் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்தார். பிலிம் ஹோலில் மெஷின் துப்பிய வரிசைச் சீட்டு, இலக்கம் 214.

"தங்கச்சி, இத லேமினேட் பண்ணித் தாங்க. பரிசாரியார்ட கையால வாங்கினது. கடலுக்குப் போகக்குள்ள இடுப்பில கட்டிக்கிட்டுப் போகோணும்."

"அண்ணன், இது சூட்டுக்குக் கறுக்கிற கடதாசி. மெஷினுக்குள்ள போனா ஒண்டும் மிஞ்சாது."

"நம்பிக்கையோட போடுங்க."

போட்டாள். மறுபக்கத்தால் பளபளவென்று ஒரு கறுப்புத் துண்டு வந்தது. இலக்கமும் இல்லை, திகதியும் இல்லை. பூபாலசிங்கம் அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? இதுக்குள்ளயும் ஒண்டு இருந்திருக்கு. போயிட்டு."

கமீலா சிரித்தாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "அண்ணன்," என்றாள், "சனிக்கிழமை நீங்களும் வாறீங்க. இந்த மெஷினத் தூக்க எனக்கு ஒரு ஆள் வேணும்."

சனிக்கிழமை மண்டபம் நிறைந்து வழிந்தது. பரிசாரி கமீலாவின் பிலிமை மாட்டி, குச்சியைத் தணலில் வைத்தார்.

"சூடாக்காமத் தொடுங்களன்," என்றாள் கமீலா.

"என்ன புள்ள?"

"குச்சி வெள்ளி. ஓதுறது நீங்க. நெருப்பு எதுக்கு?"

"ஜின் நெருப்புக்குத்தான் பயம்."

"ஜின்னே நெருப்பால படைச்சது எண்டுதானே நாங்க ஓதிப் படிச்ச. மீன் தண்ணிக்குப் பயப்படுமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார். பரிசாரி முறைத்தார். கமீலா விளக்குப் பெட்டியிலிருந்து பிலிமைக் கழற்றி, கைப்பையிலிருந்த கத்தரிக்கோலால் நடுவே வெட்டினாள்.

"அல்லாஹ்வே, புள்ளைக்கு முத்திட்டு," என்று ஸுல்பிகா தலையில் கை வைத்தாள்.

பூபாலசிங்கம் லேமினேட்டரை மேடையில் வைத்து, பிளக்கைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. "இந்த மெஷினுக்கு ஓதத் தெரியாது," என்று சபைக்குச் சொல்லிவிட்டு, கமீலா மெஷினின் வாய்க்கு அளவாக வெட்டிய பாதிப் பிலிமை உள்ளே விட்டாள். அது நிதானமாக மூளையை விழுங்கியது. மறுபக்கத்தால் தார் றோட்டுப் போல ஒரு கறுப்புத் தகடு வந்தது. அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"ஜின் ஒண்டும் மிச்சமில்ல. மூளையும் போயிட்டு. மண்டையோடும் போயிட்டு. என்ட பேரும் போயிட்டு. பரிசாரியாருக்கு ரெண்டு கிழமை எடுத்த வேல, இதுக்கு அரை நிமிசம்."

பரிசாரியால் பொறுக்க முடியவில்லை. ஏமாற்றுக்காரனுக்கும் தொழில் கர்வம் இருக்கும்தானே. எழுந்து நின்று கத்தினார்: "மெஷினுக்குள்ள வெச்சாக் கருகாம என்ன செய்யும்? இந்தப் பிலிம் சூட்டுக்குக் கறுக்கும் எண்டு எனக்குத் தெரியாதா? பதினொரு வருசம் பிலிம் அடிக்கிற மெஷின் திருத்தினவன் நான்."

வரிசையில் நின்றவர்கள் தங்கள் உறைகளைத் திறந்து பிலிம்களைப் பார்த்தார்கள்.

பூபாலசிங்கம்தான் முதலில் வாய் திறந்தார். இடுப்பிலிருந்த கறுப்புத் துண்டை எடுத்துப் பார்த்தபடி, "அப்ப என்ட சீட்டுக்குள்ள ஒண்டும் இருக்கல்லியா, பரிசாரியார்?" என்றார். அவர் குரலில் உண்மையான சோகம் இருந்தது.

பதில் சொல்லப் பரிசாரி அங்கே இல்லை. மணப்பெண் அறைப் பக்கத்துக் கதவால் போயிருந்தார். ஜின்களெல்லாம் தவணை முறையில் போயின. அவர் ஒரே தடவையில் போனார்.

ஆட்டோவில் ஸுல்பிகா மிஞ்சிய பாதிப் பிலிமை மடியில் வைத்திருந்தாள். அக்கரைப்பற்றுப் பஸ் ஒன்று முந்திப் போனபின் மெல்லக் கேட்டாள்: "அப்ப அந்த ஏழும்?"

"ஆஸ்பத்திரியில படத்தோட தந்த டிஸ்க்கில பதிஞ்சு கெடக்கு. மண்டைக்குள்ளயும் அப்படியே இரிக்கி உம்மா. படத்தக் கறுப்பாக்கினா மண்டை சுகமாகாது."

வீட்டுக்கு வந்ததும் ஸுல்பிகா நேரே சமையலறைக்குப் போனாள். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், கீரைக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்த பழைய ஐஸ்கிரீம் டப்பாவை இழுத்தெடுத்தாள். பரிசாரி ஊசிகளைத் தென்னைக்கு அடியில் புதைக்கச் சொல்லியிருந்தார். அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்றை எடுத்து மகளின் கையில் வைத்தாள். "வலிக்காமப் போடு," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நம் ஊர் தங்கமான ஊர். திங்கட்கிழமை கமீலா கடையைத் திறந்தபோது வாசலில் ஒன்பது பேர், கையில் பெரிய உறைகளோடு நின்றார்கள். முன்னால் நின்ற பெண் பவ்வியமாகச் சொன்னாள்: "புள்ள, பரிசாரியார விட உங்கட மெஷின் வேகமாம். இதையும் ஒருக்கா உள்ள விட்டுத் தாங்களன்."

கமீலா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பெரிய எழுத்தில் எழுதினாள். நிரந்தரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து கதவில் ஒட்டினாள்:

"இங்கே ஜின் ஓட்டப்படமாட்டாது. மூளையைப் படம் எடுத்துக்கொண்டு வருவது போதாது. தயவுசெய்து அதைப் பாவித்துக்கொண்டும் வரவும்."