ரோமானிய மரியாதை

படித்ததை எங்கே செய்து காட்டக் கூடாது என்பதற்குப் பல்கலைக்கழகத்தில் பாடம் கிடையாது. இருந்திருந்தால் நான் எம்.ஏ. முடித்திருப்பேன்.

சிதம்பரத்தில் பண்டைய கிரேக்க, ரோமானிய நாகரிகம் படித்துக்கொண்டிருந்தேன். "நம்ம கடைக்கு ரோமாபுரி ராஜாவா வந்து பருப்பு வாங்கப் போறான்?" என்று அப்பா கடலூரிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் என் படிப்பை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொண்டவர், அம்மாவின் தம்பியான குறிஞ்சிப்பாடி மாமா. நான் சொன்ன ரோமானியக் கதைகளை உட்கார்ந்து கேட்ட ஒரே மனிதரும் அவர்தான். ஒருநாள் காலையில் மாரடைப்பில் போய்விட்டார்.

சாவு வீட்டிலேயே அப்பா சொன்னார்: "உனக்காகப் பேச இருந்த ஒரு ஆளும் போயிட்டாரு. காரியம் முடிஞ்சதும் கடைக்கு வந்துடு."

என் படிப்புக்கும் மதிப்புண்டு என்று காட்ட அன்றைய பொழுதுதான் மிச்சம். ரோமாபுரியில் பெரிய மனிதர் இறந்தால், அவரைப் போலவே உடுத்திய ஒருவன், அவர் நடையை நடந்து, அவர் பேச்சைப் பேசிக்கொண்டு சவ ஊர்வலத்தில் போவான். இறந்தவருக்கு அது பெரிய மரியாதை. (வகுப்பில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.)

கொடியில் கிடந்த மாமாவின் பழுப்புச் சட்டையைப் போட்டேன். அவர் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டேன். பாடையைத் தூக்கும் நேரத்தில், இடது கையை முதுகில் கட்டி, தோளைச் சாய்த்து, செருமியபடி வாசலுக்கு வந்து, அவர் எப்போதும் கேட்பதையே கேட்டேன்.

"என்ன, எல்லாரும் சாப்ட்டாச்சா?"

மேளம் நின்றது. முன்பக்கம் தூக்கியவர் பிடியை விட்டார். (மாமா சற்றுச் சரிந்தார்.) சுருண்டு கிடந்த அத்தை தலையை நிமிர்த்தி, பழக்கதோஷத்தில், "இல்லிங்க, இன்னும் அடுப்பே பத்த வைக்கல" என்றார். பிறகுதான் அலறினார். அந்த அலறலை என்னால் எழுத முடியாது.

"மச்சான், எங்கப்பா சட்டையக் கழட்டுடா!" மாமா மகன் என் கழுத்தைப் பிடித்தான்.

"இது ரோமானிய மரியாதைடா..."

"இதைத்தான் அங்க சொல்லித் தர்றாங்களா?" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். இன்றும் அதே கடைதான்.

சொந்தத்தில் யாராவது நோயில் படுத்தால் நான் பார்க்கப் போவது இன்றுவரை சிக்கல். "நடையப் பாக்க வந்துட்டான், எழுந்திரிக்காதீங்க!" என்று குரல் வரும். அத்தையும் சிரிப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

போன மாதம் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கைத்தாங்கலாக அழைத்து வந்தேன். வீட்டு வாசலில் கையை உதறிவிட்டுத் தானாகவே உள்ளே நடந்தார்.

"நல்லாப் பாத்துக்கடா. வலது கால இழுத்து இழுத்துதான் நடப்பேன்," என்றார். "அன்னிக்கு மாதிரி வாசல்லயே நின்னுடாத. கடைசி வரைக்கும் நட."