மச்சானுக்கு ஒரு கண்டென்சர்

மச்சானைப் பார்த்து "வராதே" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அப்படிச் சொல்லிவிட்டு அவனுடைய அக்காவோடு ஒரே வீட்டில் வாழும் தைரியம் அறவே இல்லை. ஆகவே விஞ்ஞானத்தின் துணையை நாடுவது என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவன் நான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மின்சாரத்தைச் சொல்லிக்கொடுக்கிறவன், அதைச் சொந்த வீட்டுக்கு ஒரு தடவையாவது பயன்படுத்தக் கூடாதா?

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மேசை, ஒரு கட்டில், உட்புறம் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. வீட்டின் மற்ற இடங்களில் நான் குடியிருப்பவன். அங்கே மட்டும்தான் வீட்டுக்காரன். மச்சான் வந்தால் அந்த அறை அவனுக்குப் போய்விடும். போதாக்குறைக்கு அவன் பேசுவான். சொந்தக்காரர்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் வானொலி. ஆனால் நிறுத்தும் குமிழ் கிடையாது. மெத்தைக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மனிதன் எந்தப் பக்கம் புரண்டு படுத்தால் முதுகெலும்புக்கு நல்லது என்று விடிய விடிய விளக்குவான். அடுத்தவனைத் தூங்கவிடாமல் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிற ஒரே மனிதனை உலகம் என் மனைவிக்குத் தம்பியாகக் கொடுத்திருக்கிறது.

"என்னங்க, தம்பிக்கு இங்க ட்ரெய்னிங்காம். நாளைக்கு வர்றான்" என்றாள் மனைவி.

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வாரம்னு சொன்னான்."

அவனுடைய வாரத்துக்கு எத்தனை நாள் என்று எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் தெரியாது.

"கம்பெனியில தங்க இடம் குடுப்பாங்களே?"

"குடுக்கறாங்க. அக்கா வீடு இருக்கும்போது அங்க எதுக்குத் தங்கணும்? ஏன், உங்களுக்கு இஷ்டம் இல்லையா?"

"சேச்சே! அந்த ரூம்ல காத்து வராதே, பாவம், பிள்ளை கஷ்டப்படுமேன்னு பார்த்தேன்."

"ஃபேன் பறக்குதே?"

"இப்பப் பறக்குது" என்றேன்.

அந்த 'இப்ப'வை நான் விழுங்கியிருக்க வேண்டும். நாக்கில் சனி.

கூடத்து ஃபேன் சில மாதங்களுக்கு முன்பு படுத்துவிட்டது. கண்டென்சர் தளர்ந்துவிட்டது என்று கண்டுபிடித்து நானே புதிதாக ஒன்று மாட்டினேன். தளர்ந்துபோன பழசை எறியவில்லை, மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். அதைச் சின்ன அறை ஃபேனில் மாட்டிவிட்டால்? ஃபேன் நிற்காது, ஆனால் நகரும். இறக்கைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். மச்சான் ரெண்டு ராத்திரி வேர்த்து வழிந்துவிட்டுக் கம்பெனி அறைக்கு ஓடிவிடுவான். பழி ஃபேன் மேல், பலன் எனக்கு.

மனைவி கடைக்குப் போனதும் மெயினை அணைத்தேன். ஸ்டூல் மேல் ஏறி, விட்டத்தை ஒட்டி ஃபேன் தண்டை மூடியிருந்த கிண்ணத்தை இறக்கினேன். நல்ல கண்டென்சரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். பழசை மாட்டி இரண்டாவது ஒயரை முறுக்கிக்கொண்டிருக்கும்போது கீழே இருந்து குரல் வந்தது.

"என்ன பண்றீங்க?"

ஸ்டூல் ஆடியது. அவள் பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். டாக்டர்களே அந்தக் குரலுக்குக் கையை எடுத்துவிடுவார்கள்.

"தம்பி வர்றான்ல, ஃபேனை சர்வீஸ் பண்றேன்."

"அடடே!" என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "இது என்னங்க, சின்ன டப்பா மாதிரி?"

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் பௌதிக ஆசிரியனிடம் ஒருவர் தாமாக வந்து சந்தேகம் கேட்பது என்பது என் உத்தியோகத்தில் நடக்காத காரியம். என் வகுப்பில் மணி எப்போது அடிக்கும் என்பதைத் தவிர யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. உருகிப்போனேன்.

"முதல்ல கரண்டுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும். அது ஒரு ஓட்டம். கிளம்பின இடத்துக்கே திரும்பி வர வழி இருந்தாத்தான் ஓடும். அந்தச் சுத்துவழிக்குப் பேருதான் சர்க்யூட்."

"அப்ப நீங்க வெளியே எடுத்துட்டுப் போற குடை மாதிரி இல்ல. அது என்னைக்குத் திரும்பி வந்துச்சு?"

"விளையாடாதே. நடுவுல ஒரு இடத்துல அறுந்தாலும் மொத்த ஓட்டமும் நின்னுடும். சுவிட்ச் பண்றது அதைத்தான். இப்ப ஃபேனுக்கு வா. உள்ளே ரெண்டு சுருள் கம்பி இருக்கு. ரெண்டுலயும் கரண்ட் ஒரே நேரத்துல ஏறி இறங்கினா, எந்தப் பக்கம் சுத்தறதுன்னு ஃபேனுக்குத் தெரியாது. முனகிட்டு நிக்கும். இந்தக் கண்டென்சர் ஒரு சுருள்ல மட்டும் ஓட்டத்தைக் கொஞ்சம் முந்த வைக்குது."

"ஒருத்தர் முந்தினாத்தான் வண்டி ஓடும்."

"அதேதான்!"

"நம்ம வீட்டுல இருக்கற மாதிரி."

"அதே... சரி, அதை விடு. உள்ளே ரெண்டு தகடு, நடுவுல மின்சாரம் தாண்ட முடியாத ஒரு தடுப்பு. மின்னூட்டத்தைச் சேர்த்து வச்சுக்கும். அதனால சுவிட்சை அணைச்சாலும் உள்ளே மிச்சம் இருக்கலாம். வெறும் கையால தொடக் கூடாது. பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால ரெண்டு முனையையும் சேர்த்துத் தொட்டு மிச்சத்தை இறக்கிடணும்."

"மாட்டறப்ப ஒயர் இடம் மாறினா?"

"ஒண்ணும் ஆகாது. இந்த வகையில எந்த ஒயரை எந்தப் பக்கம் குடுத்தாலும் சரிதான். மெயினை அணைச்சுட்டா குழந்தைகூடச் செய்யும்."

"கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"வயிறு உப்பியிருக்கும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"அது?"

"இதுல இருந்து கழட்டின பழசு. தூக்கி எறியணும்."

"குடுங்க." வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வயிறு தட்டையா இருக்கே?"

"சிலதுக்கு வெளியே தெரியாது."

"ஆமாங்க, சிலருக்கு வெளியே தெரியாது" என்று சொல்லிவிட்டு, குப்பையில் போடுவதாக அதை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குப் பரம திருப்தி. ஒரு நல்ல பாடம் நடத்திய திருப்தியும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது மச்சான் வந்து சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தான். அன்று முதல் மனைவிக்கு ராத்திரி டியூட்டி. அவள் கிளம்பியதும் நான் அவசர அவசரமாகச் சாப்பிட்டு, வானொலி தொடங்கும் முன் எங்கள் படுக்கையறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டேன். புழுக்கத்தில் அவன் புலம்புவான் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் 'விர்ர்' என்ற சத்தம். அப்புறம் குறட்டை.

அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு மேல் ஃபேன் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

புரிந்துவிட்டது. நான் மாட்டிய பழசு இப்போது என் தலைக்கு மேல் இருக்கிறது. புரிந்து என்ன பயன்? "சின்ன அறை ஃபேன்தானே மெதுவாகச் சுற்ற வேண்டும், இது ஏன் இப்படிச் சுற்றுகிறது" என்று யாரிடம் கேட்பது? கேட்டால் அதுவே வாக்குமூலம். சத்தமில்லாமல் திருப்பி மாட்டிவிடலாம் என்றால் ராத்திரி அந்த அறையில் தம்பி தூங்குகிறான். பகலில் டியூட்டி முடிந்து வந்த அக்கா அதே அறையில், அதே காற்றில் தூங்குகிறாள். ஸ்க்ரூடிரைவரை வேறு காணோம். புதிதாக வாங்கலாம்தான். ஆனால் மின்சாமான் கடைக்காரரின் அம்மா என் மனைவியின் வார்டில் படுத்திருக்கிறார். நான் வாங்குகிற சாமான் வீடு வந்து சேரும் முன் செய்தி ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

மூன்று ராத்திரி வெந்தேன். வகுப்பில் மின்தடையைப் பற்றி நடத்தும்போது கொட்டாவி விட்டேன். பிள்ளைகள் எனக்கு முன்னாலேயே விட்டிருந்தார்கள். நாலாவது நாள் சாயங்காலம் மானம் போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மச்சான் கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நம்ம ரூம் ஃபேன் கொஞ்சம் மெதுவா சுத்துது."

"அப்படியா? கண்டென்சர் தளர்ந்திருக்கும்" என்றாள், பாடம் ஒப்பிக்கிற மாணவி போல. "ஞாயித்துக்கிழமை லீவு. நானே மாத்திடறேன். நல்லது ஒண்ணு என் கைப்பையில இருக்கு. ஸ்க்ரூடிரைவரும் அதுலதான் இருக்கு."

"இப்பவே குடேன், நானே..."

"தூக்கமில்லாம கை நடுங்குது, நீங்க ஸ்டூல் மேல ஏறப் போறீங்களா? வேண்டவே வேண்டாம்."

மச்சான் துள்ளி எழுந்தான். "அத்தான், அதுவரைக்கும் நீங்க ஏன் வேகணும்? என் ரூமுக்கு வந்துடுங்க! கட்டில் உங்களுக்கு, பாய் எனக்கு. முதுகைப் பத்தி உங்ககிட்ட எவ்வளவோ சொல்ல வேண்டியிருக்கு!"

என் அறையை, என் கட்டிலை எனக்கே தானமாகக் கொடுத்துவிட்டு, என் தலையணையை எடுத்துவர ஓடினான். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"போய்ப் படுங்க" என்றாள். "பாவம் தம்பி, பேச ஆளில்லாம மூணு நாளா சீக்கிரமே தூங்கிட்டிருந்தான்."