டிக்கிக்குள் நாலு டயர் காற்று

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் வராத வீடுகள் உண்டு. பைப் அண்ணா வராத வீடு கிடையாது. புனே கோர்படியில் ரயில்வே லைனை ஒட்டி நிற்கும் மூன்று கட்டடங்கள்தான் எங்கள் சொசைட்டி. அதில் யாருக்கு எந்தச் சங்கடம் வந்தாலும் அதற்கு விடை பி.வி.சி. பைப்பில் இருக்கிறது என்று நம்பிய ஒரே மனிதர் அவர். கணபதி பந்தலுக்கு மைக் ஸ்டாண்டு பைப்பில் செய்தார். இரண்டாம் மாடி மராட்டிய அம்மாளின் முழங்கால் வலிக்குப் பைப்பில் ஊன்றுகோல் செய்து, கைப்பிடியில் டார்ச் லைட் வேறு வைத்தார். பிள்ளைக்கு வரன் தகையவில்லை என்று யாராவது போய்ச் சொல்லியிருந்தால்கூட, "எத்தினி இஞ்ச்?" என்றுதான் கேட்டிருப்பார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருடைய வேலை, சிலிண்டர்களைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. டீ கொடுத்தால்கூட முதலில் குனிந்து குமிழியைத்தான் பார்ப்பார். முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, நுனி மேல்நோக்கித் திருகிய வெள்ளி மீசை. அதற்குத் தினமும் விளக்கெண்ணெய் உண்டு.

இனி என் பெருமைக்கு வருகிறேன். என் மனைவி சுதாவின் தம்பி கோயமுத்தூரில் புது வீடு கட்டி முடித்திருந்தான். மச்சினன் வீடே கட்டிவிட்டான், நான் சக்கரமாவது மாற்ற வேண்டாமா? கிரகப்பிரவேசத்துக்குக் காரில்தான் போவது, அதுவும் கறுப்பு அலாய் வீலோடு போய் இறங்குவது என்று முடிவு செய்தேன். வீல் கடைக்காரர் வேலையை முடித்துவிட்டு, ஒரு பாலித்தீன் கவரில் நான்கு கறுப்புச் சில்லுகளைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

"சாப், யே நயே வீல் மே பைட்தா நஹி."

டயருக்குள் உட்கார்ந்து காற்று எவ்வளவு இருக்கிறது என்று வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் சென்சார்கள் அவை. என் புது அலாயின் உட்புறம் வேறு மாதிரியாம், அதில் இவை உட்காராதாம். பொருந்துகிற சென்சாரை வரவழைத்து வண்டிக்கு அறிமுகமும் செய்துவைக்கலாம், கொஞ்ச நாள் ஆகும் என்றார். "எங்கப்பா சென்சார் பார்த்தா ஸ்கூட்டர் ஓட்டினார்?" என்று இந்தியில் கேட்டுவிட்டு ஸ்டைலாக வண்டியைக் கிளப்பினேன். கடையின் வாசலைத் தாண்டுவதற்குள் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. குதிரை லாடம், அதன் நடுவில் ஆச்சரியக்குறி.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய காரில் ஒருமுறை லோனாவ்லா போகும்போது ஆயில் விளக்கு எரிந்தது. "அது சும்மா எரியும்" என்றேன் சுதாவிடம். எஞ்சின் அதோடு சரி. கொட்டுகிற மழையில் ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுக்கப்பட்டு நாங்கள் ஊர் திரும்பியதை டோல்கேட்டில் இருந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சட்டம் பிறந்தது.

வீட்டுக்குக் கீழே வண்டியில் ஏற வந்த சுதா, லாட விளக்கைப் பார்த்ததும் திறந்த கார்க் கதவைச் சாத்திவிட்டாள்.

"லைட்டு எரியற வண்டில நான் ஏறமாட்டனுங்க."

"இது டயர் லைட்டு. டயர் நல்லா இருக்கு. சென்சார்தான் இல்ல."

"லோனாவ்லாலயும் இப்பிடித்தான் சொன்னீங்க."

ட்ரெயினில் இடமில்லை. தம்பிக்குச் சீராக அவள் வாங்கியிருந்த தாமிர அண்டாவோ, ட்ரெயினில் போனால் அதற்குத் தனியாக பெர்த் போட வேண்டிய அளவு. "அக்கா வந்து பால் காய்ச்சினாத்தான் அடுப்பு. இல்லீனா பத்தவைக்கவே மாட்டேன்" என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். அம்மா அப்பா இல்லாத வீடு. அந்தப் பால் பொங்குவதுதான் சுதாவுக்கு அந்த வருஷத்தின் ஒரே காரியம். அதற்குக் குறுக்கே என் அலாய் வீல் நின்றது.

சொசைட்டி பார்க்கிங்கில் கவரும் கையுமாக நின்ற என்னை பைப் அண்ணா பிடித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, மூஞ்சி பஞ்சராயிருக்கு?"

சொன்னேன். ஒரு சென்சாரை எடுத்து மோந்து பார்த்தார்.

"இது காத்துலதான இருக்கணும்? டயர்லதான் இருக்கணும்னு எவன் சொன்னான்?"

அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும். நின்றேன்.

"நாலையும் ஒரு பைப்புல போடு. ரெண்டு பக்கம் மூடி. ஒரு பக்கம் டயர் வால்வு. முப்பத்தி மூணு காத்து அடிச்சி டிக்கில வையி. வண்டிக்கு இன்னா தெரியும்? டயர் மஸ்த்தா இருக்குன்னு நெனச்சிக்கும். பஸ், காம் கதம், வேல முடிஞ்சிது!"

நான் என்ஜினியரிங் படித்தவன். கம்பெனியின் ஏதாவது சர்வரில் சிவப்பு விளக்கு எரிந்தால் உலகத்தையே எழுப்பிவிடும் பொறுப்பில் இருப்பவன். விளக்கை மதிக்கச் சொல்லி இளைஞர்களுக்கு வகுப்பே எடுக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு அந்த யோசனை மகா அற்புதமாகப் பட்டது.

மாலைக்குள் பைப் தயார். சொசைட்டியின் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, காற்றடித்த பைப்பை உள்ளே அமுக்கி, மூக்கு நுனி நனையும்வரை குனிந்து பார்த்தார். சுற்றிலும் கூட்டம்.

"ஏக் பீ புல்புலா நை!" என்று நிமிர்ந்தார். ஒரு குமிழிகூட இல்லையாம். "இந்த ஜாயிண்ட்டு லீக் ஆச்சின்னா நான் மீசைய எடுத்துடறேன், போ!"

பைப்பைப் பழைய போர்வையில் சுற்றி டிக்கியில் படுக்கவைத்தோம். விளக்கு அணைந்தது. திரையில் நான்கு சக்கரத்துக்கும் முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று என்று வந்தது. நிஜ டயர்கள்கூட அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. சுதாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

"பாத்தீங்களா, கடைக்குப் போனாச் சரியாகுது."

நான் "ம்" என்றேன். பொய் சொல்லவில்லை பாருங்கள், "ம்" தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். தாமிர அண்டா டிக்கியில், போர்வை மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தது. கம்பாட்கி காட் மலைப்பாதையில் ஏறி இறங்கி, சாத்தாராவை நெருங்கும்போது வண்டி கத்த ஆரம்பித்தது. திரையில் முப்பத்து மூன்று முப்பதாயிற்று. பிறகு இருபத்தாறு. நான்கு டயரும் கைகோத்துக்கொண்டு ஒரே சீராக இறங்கின.

"ஏனுங்க, நாலுமா?"

"இருக்காது."

"இருக்காதுன்னா எண்ணு எதுக்கு எறங்குது? நிறுத்துங்க!"

ஒரு ஹோட்டல் வாசலில் நிறுத்தினேன். பார்க்கிங்கில் விசில் ஊதிக்கொண்டிருந்த ஆள் வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் உதைத்துவிட்டு, எல்லாம் கெட்டியாக இருக்கிறது என்று மராத்தியில் சான்றிதழ் கொடுத்தார். திரையில் பூஜ்யத்தை நோக்கி எண் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சுதாவின் காது வேலை செய்தது.

"டிக்கிக்குள்ள 'ஸ்ஸ்'ஸுன்னு சத்தம் வருதுங்க. பாம்புங்களா?"

பாம்பு என்கிற சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவள் முகமே போதுமாக இருந்தது. விசில்காரர் தடியோடு வந்தார். போஹா தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டோடு வந்தார்கள். டிக்கி திறக்கப்பட்டது. அண்டாவுக்கு அடியில் போர்வைக்குள் நீளமாக ஒன்று சீறிக்கொண்டிருந்தது. விசில்காரர் தடியை ஓங்கினார்.

"மாரூ நகோ! அடிக்காதீங்க! அது டயர்!" என்று இரண்டு மொழியில் கத்தினேன்.

"டயர் எதுக்குங்க போர்வைக்குள்ள இருக்குது?" என்றாள் சுதா.

அத்தனை பேர் முன்னிலையில், ஒரு தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில், நான்கு டயரின் காற்றையும் டிக்கியில் வைத்து என் வண்டியையே நான் ஏமாற்றிய கதையைச் சொல்லி முடித்தேன். கூட்டம் சிரித்தது. சுதா சிரிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன் பையை எடுத்துக்கொண்டு ஹோட்டல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"நான் திரும்பிப் போறனுங்க. அவன் அடுப்புப் பத்தவைக்காம உக்காந்திருப்பான். நீங்களே போன் பண்ணிச் சொல்லீருங்க."

கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த பைப்புக்குள்ளேயே புகுந்து மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் தம்பிக்குப் போன் செய்யத் தைரியமில்லாமல் பைப் அண்ணாவுக்குச் செய்தேன்.

"மூடிப் பக்கமா, வால்வு பக்கமா?" என்றார் எடுத்த எடுப்பில்.

"தெரியலண்ணா."

எந்த ஹோட்டல் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். "தொடாத. நான் வரேன்." போன் கட்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஹோட்டல் காலியான நேரத்தில், சிவப்பு எஸ்.டி. பஸ் ஒன்று எதிரே நின்றது. முழங்கால் வரை தொங்கும் டிராயர், பட்டன் மாறிப் போட்ட சட்டை, தோளில் கால் பம்பு, கையில் பைப் கோந்து டப்பா. மீசை மட்டும் முறுக்கு கலையாமல் இறங்கியது.

ஹோட்டலில் பெரிய தவலை ஒன்றை வாங்கித் தண்ணீர் நிரப்பச் சொன்னார். காற்றடித்து முக்கினார். குமிழி வால்வின் அடியிலிருந்து வந்தது. அண்டாவின் விளிம்பு அழுத்தி வால்வு கோணியிருந்தது.

"பாத்தியா? ஜாயிண்ட்டு ஏக்தம் ஓகே. எவன்டா அது, வால்வு மேல அண்டா வச்சவன்?"

நான் வானத்தைப் பார்த்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, வந்ததுக்குப் பார்த்துவிடுவோம் என்று காற்றழுத்தம் அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு நிஜச் சக்கரங்களிடம் போனார். முன்னால் இரண்டும் சரி. பின்னால் வலது சரி. இடதில் வைத்தார். எடுத்தார். கேஜைச் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார்.

"பதினாறு."

டயர் தரையில் உருளும் பரப்பின் உள்ளோரத்தில் ஒரு ஆணி, தலை தேய்ந்து பளபளவென்று இருந்தது. பெரிய அலாயில் மாட்டும் இந்த மாதிரி உயரம் குறைந்த டயர் காற்றுப் போனாலும் சப்பையாகத் தெரியாது. உதைத்துப் பார்த்தாலும் தெரியாது. தெரிந்து சொல்லக்கூடியவை அந்த நான்கு சென்சார்கள்தான். அவற்றைத்தான் நாங்கள் போர்வை போர்த்தித் தூங்கவைத்திருந்தோம்.

பைப் அண்ணா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மீசை முறுக்கிய கை கீழே விழுந்தது.

"ஸ்பீடுல போயிருந்தா..." என்று ஆரம்பித்து, சுதாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பக்கத்துப் பஞ்சர்க் கடையில் ஹேக்ஸா பிளேடு வாங்கி, காற்றைப் பிடுங்கிவிட்டு, தான் செய்த பைப்பைத் தானே அறுத்தார். நான்கு சென்சாரையும் சுதாவின் கையில் கொட்டினார்.

"தங்கச்சி, ஊருக்குத் திரும்புனதும் கடையில சரியான சென்சார மாட்டச் சொல்லு. உன் வீட்டுக்காரன் பேச்சக் கேக்காத. என் பேச்சையும் கேக்காத."

பஞ்சர் ஒட்டி முடிந்தது. வண்டியைக் கிளப்பினேன். லாட விளக்கு பழையபடி எரிந்தது. சுதா கதவருகில் நின்றாள். விளக்கைப் பார்த்தாள், கேஜோடு நின்ற அவரைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க கூட வந்தீங்கன்னா நான் ஏறறனுங்க."

"எங்க, சாத்தாராவுக்கா?"

"கோயமுத்தூருக்குங்க."

பைப் அண்ணா தன் டிராயரைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"டூத் பிரஷ் எடுத்தாரலையே."

"வழில வாங்கிக்கலாங்கண்ணா."

ஏறிவிட்டார். அதன்பின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு டீக்கடையிலும், ஒவ்வொரு டோல்கேட்டைத் தாண்டியதும் அவர் இறங்கி நான்கு சக்கரத்தையும் அளந்து, ஜன்னல் வழியாகச் சுதாவிடம் மட்டும் எண்ணை ஒப்பித்தார். என்னிடம் சொல்லவில்லை. ராத்திரி ஹூப்ளியில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பும்போது அவருக்காகக் காத்திருந்தேன். யாரோ ஒரு வழுவழு முகத்துக்காரர் வந்து என் காரின் பின்கதவைத் திறந்தார்.

"அண்ணா! மீசை? ஜாயிண்ட்டுதான் லீக் ஆகலையே!"

"லீக் ஆகல. ஆனா பொய் சொல்லிச்சே."

நான் வண்டியை எடுத்தேன். நியாயமாகப் பார்த்தால் எடுக்க வேண்டியது என் மீசை. எனக்கு அது வளர்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சுதா அடுப்பைப் பற்றவைத்தாள், பால் பொங்கியது, அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். சுதாவின் சித்தி பைப் அண்ணாவைக் காட்டி, "இவுரு யாருங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார். "அண்ணா" என்றேன். அதற்குமேல் எனக்கும் தெரியாதே. அவரோ வீட்டின் பின்னால் கட்டட வேலையில் மிஞ்சிய துண்டு பைப்புகள் குவிந்து கிடப்பதைக் கண்டுபிடித்து, மத்தியானத்துக்குள் மாலை தொங்கவிட ஒரு ஸ்டாண்டு செய்து முடித்திருந்தார். மச்சினன் என் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"ஏன் மாமா, பழைய வீலே நல்லா இருந்துச்சுங்களே?"

புனே திரும்பியதும் பொருத்தமான சென்சார்களை வரவழைத்து, மாட்டி, வண்டிக்கு அறிமுகமும் செய்துவைத்தாயிற்று. விளக்கு இப்போது எரிவதே இல்லை. அண்ணாவின் மீசையும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் வெளியூர் கிளம்பும் காலைகளில் அவர் டிராயரோடு இறங்கிவந்து, நான்கு சக்கரத்திலும் கேஜ் வைத்துப் பார்த்துத் தலையாட்டும்வரை சுதா வண்டியில் ஏறுவதில்லை. நானும் சாவியைத் தொடுவதில்லை.