ரசத்துக்கும் மோருக்கும் நடுவே

இந்தியாவிலேயே வேலைநிறுத்தத்தைச் சாம்பார் ஊற்றி அணைத்த ஒரே அரசாங்க அதிகாரி எங்கள் பந்தி ஆபீசர்தான். எழுபதுகளின் கடைசியில் காரைக்கால் தொழிலாளர் ஆபீசில் அவர் சமரச அதிகாரி, நான் டைப்பிஸ்ட். அவருடைய சொந்தப் பெயர் வாசல் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

வந்த புதிதில் அவரும் மேஜை போட்டுத்தான் பேச்சுவார்த்தை நடத்தினார். பத்தாவது நிமிஷம் ஒரு தரப்பு நாற்காலியை உதைத்துவிட்டு வெளிநடப்பு செய்யும். மூன்று நாற்காலிகளுக்குக் கால் போனதும் அவருக்கு ஞானோதயம் பிறந்தது.

"நாக்காலிய விட்டு எந்திரிக்கிறவன் எலைய விட்டு எந்திரிப்பானாய்யா?"

எங்கள் பக்கத்தில் பந்தியில் பாதியில் எழுந்தால் பக்கத்து இலைக்காரருக்கே அவமரியாதை. அன்றிலிருந்து நோட்டீஸில் 'பசியோடு வரவும்' என்று ஒரு வரி சேர்ந்தது. வெட்கமில்லாமல் நான்தான் அதை டைப் அடித்தேன்.

அப்போதுதான் நிலக்கரிக் கிடங்குத் தகராறு வந்தது. வேகனிலிருந்து கரி இறக்கும் முத்தையன் கூடையோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்துத் திரும்பி வந்தபோது, நொண்டுகிறவருக்கு வேலையில்லை என்றார் முதலாளி. கரி இறக்குகிற அத்தனை பேரும் கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கிடங்கு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் மறுநாள் போலீஸ் காவலோடு வெளியாட்கள் இறங்குவார்கள் என்று புதுச்சேரியிலிருந்து உத்தரவு. அப்புறம் முத்தையனுக்கு மட்டுமல்ல, யாருக்குமே வேலை இருக்காது.

ஆபீசர் இலை போடச் சொன்னார். முதலாளிக்கும் முத்தையனுக்கும் அடுத்தடுத்த இலை. எதிரே ஆபீசர். பரிமாறியது நான். சாம்பார் வரை இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

ரசம் ஊற்றும்போது போன் அடித்தது. புதுச்சேரி மேலதிகாரி.

"சார் பந்தியில இருக்காருங்க" என்றேன்.

அவர் குரல் உடனே தணிந்தது. "சரி, எழுப்பாதீங்க. சாப்ட்டு முடிச்சிட்டுப் பேசச் சொல்லுங்க."

ரசம் மூன்றாவது சுற்றும் வந்துவிட்டது.

"மோர் எங்க சார்?" என்றார் முதலாளி.

"வரும்ங்க. முத்தையன் விஷயத்தச் சொல்லுங்க" என்றார் ஆபீசர்.

"அவரால கூடை தூக்க முடியாதே சார்."

"கேட்டுல உக்காந்து வண்டியப் பாத்து உள்ள விடலாமே."

முதலாளி ரசம் காய்ந்துபோன தன் விரல்களைப் பார்த்தார். நீட்டியிருந்த முத்தையனின் காலையும் பார்த்தார்.

"நாளைக்கி வந்துடு முத்தையா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா."

காலையிலேயே டைப் அடித்து வைத்திருந்த ஒப்பந்தத்தை நான் நீட்டினேன். வலது கையில் ரசம், எழுந்து கழுவவும் வழியில்லை. பி.ஏ. படித்த முதலாளி இடது பெருவிரலை மையில் உருட்டி ரேகை வைத்தார். முத்தையனும் அதன் கீழேயே வைத்தார். அதற்கப்புறம்தான் மோர் ஊற்ற எனக்கு அனுமதி கிடைத்தது.

எல்லோரும் எழுந்தார்கள், ஆபீசரைத் தவிர. இரண்டு மணி நேரம் சம்மணம் போட்டதில் முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. வாசல்வரை போன முத்தையன் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

"கையப் புடிங்க சார்."

ஒரு காலை ஊன்றி நின்று அவரைத் தூக்கிவிட்டார். மோர் வாளியோடு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஆபீசரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். முதலில் கை நீட்டியது நானாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனசு கேட்கிறது.